நாத்தனாருக்காகச் சங்கிலி பிடித்த கோடை

என் நாத்தனார் பி.ஏ. பாஸான செய்தி வந்த அன்று நான் பாசிப்பருப்புப் பாயசம் வைத்தேன். சரித்திரத்தில் முதல் வகுப்பு. பாயசம் ஆறுவதற்குள் அவள் தன் அப்பாவைப் பார்த்து, "அப்பா, எம்.ஏ.வுக்கு எனக்குச் சரித்திரம் வேண்டாம். பூகோளம் படிக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

என் மாமனார் டம்ளரைக் கீழே வைத்தார். ஆயுசெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் கேள்வி கேட்கத் தெரியும்.

"பூகோளம் நீ எப்பம்மா படிச்சே?"

"படிக்கலைப்பா."

"அப்புறம்?"

"அதனாலதான் படிக்கணும்கிறேன்."

துறைமுகத்து வேலையிலிருந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்த என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "பாயசத்துல ஏலக்காய் ஜாஸ்தி. தங்கச்சிக்குத் தலைக்கு ஏறிடுச்சு" என்றார்.

நான் யார் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பிறந்தது சிந்தாதிரிப்பேட்டையில், கூவத்தின் கரையோரம். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் அந்த நாளில் என்னை யாரும் படிக்கச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கலியாணமாகி மயிலாப்பூர் சாந்தோமுக்கு வந்தேன். வந்த வீடு வாத்தியார் வீடு. பறங்கிக்காரர்கள் கப்பலில் வந்த காலத்திலிருந்து அதே பங்கில், அதே மாதா கோயிலில் பூசை கண்ட குடும்பம். அந்த வீட்டில் புத்தகம் இல்லாத இடம் அடுப்படி ஒன்றுதான், அதனால் அடுப்படி என் ராஜ்யம். மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே வீட்டில் பெண்கள் என்று நாங்கள் இரண்டு பேர்தான். அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். என்னை அண்ணி என்பாள், நான் அவளைப் பாப்பா என்பேன். இப்போதும் நான் ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகத்தான் எழுதுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. இந்த விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதில் நிறையப் பெருமை இருக்கிறது. அதனால்தான் வேறு யாரையும் எழுதச் சொல்லாமல் நானே எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்த பிறகு வந்த முதல் கோடை அது. ஏன் பூகோளம் என்று அன்றைக்குச் சாயங்காலம் கிணற்றடியில் பாத்திரம் கழுவும்போது நான்தான் அவளைக் கேட்டேன்.

"அண்ணி, அடையாறு முகத்துவாரத்துக்கு நாம நடந்து போவோமே. கோடையில மணல் வந்து ஆத்து வாயை அடைச்சிடும் இல்லையா?"

"ஆமா. குறுக்கே நடந்தே போகலாம்."

"மழை வந்தா ஆறு அதை உடைச்சுக்கிட்டுப் போகும். அடுத்த கோடையில மறுபடி மணல் வந்து நிக்கும். யார் அதைக் கொண்டுவந்து போடறாங்க? ஏன் அதே இடத்துல? நான் யார் யாரை ஜெயிச்சாங்கன்னுதான் இத்தனை நாள் படிச்சேன். ஜெயிச்சவங்க, தோத்தவங்க எல்லாரும் செத்துப்போயிட்டாங்க அண்ணி. இந்த மணல் மட்டும் இன்னும் நடந்துக்கிட்டே இருக்கு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. தேய்த்த தட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, "அப்போ அதைப் படி" என்றேன். என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் முதலில் அனுமதி கொடுத்தவள் நான்.

மாமனாருக்குக் கோபம் வராது, வழக்குத் தீர்ப்பதுபோலப் பேசுவார். பக்கத்துக் கான்வென்ட் பள்ளியில் சரித்திர டீச்சர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது, மதர் ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். "காலேஜ்ல இடம் குடுத்தா படி. குடுக்கலைன்னா கான்வென்ட்டுக்குப் போகணும். அதுக்கப்புறம் இந்த வீட்டுல பூகோளம்னு பேச்சு எடுக்கக்கூடாது" என்றார். அவளும் சரி என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, ஆனால் என் கையைப் பிடித்திருந்த கை சில்லென்று இருந்தது.

கடற்கரைச் சாலையில் இருந்த காலேஜுக்கு நானும் துணைக்குப் போனேன். பூகோளத்துக்குப் பெரியவரான புரொபஸர் மயிலாப்பூர்க்காரர். கோட்டு, தலைப்பாகை, நெற்றியில் திருமண். அறைச் சுவர் முழுக்க ஒரே படமாகத் தொங்கியது. நான் பச்சையாக இருந்த ஒன்றைப் பார்த்து ஏதோ பெரிய மாவிலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தென்னமெரிக்காவாம்.

"பி.ஏ.வில என்ன?" என்று கேட்டார் புரொபஸர்.

"ஹிஸ்டரி சார்."

"கணக்குப் படிச்சவா வெளியில நின்னுண்டிருக்கா. கல்லு மண்ணுன்னு ஜியாலஜி படிச்சவா நின்னுண்டிருக்கா. ஹிஸ்டரியை வெச்சுண்டு நான் என்னம்மா பண்றது? மேப் வரைஞ்சிருக்கியோ?"

"இல்லை சார்."

"சர்வே சங்கிலி பிடிச்சிருக்கியோ?"

"இல்லை சார். கத்துக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். "இவா யாரு?"

"எங்க அண்ணி சார்."

"இவா சங்கிலி பிடிச்சிருக்காளா?"

அவர் கேலிக்குத்தான் கேட்டார். ஆனால் கேட்டால் பதில் சொல்லவேண்டும் இல்லையா? "கிணத்துக் கயிறு பிடிச்சிருக்கேன் சார். சங்கிலியும் பிடிப்பேன்" என்றேன். நாத்தனார் என் காலை மிதித்தாள். புரொபஸர் வாய்க்குள்ளேயே சிரித்துவிட்டு, எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். ஒரு கட்டு இரும்புச் சங்கிலி, மூன்று காலில் நிற்கும் ஒரு பலகை, திசை காட்டும் பெட்டி ஒன்று, எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தார்.

"உங்க பேட்டையை அளந்து ஒரு மேப் போட்டுண்டு வா. தெரு, வீடு, கிணறு, மரம், வேலி, தெருவில நீட்டிண்டிருக்கற சார்ப்பு, ஒண்ணு விடக்கூடாது. காலேஜ் திறக்கறதுக்குள்ள நானே வருவேன். மேப்பைக் கையில வெச்சுண்டு நடப்பேன். ஒத்துப்போச்சுன்னா உனக்கு இடம். இல்லேன்னா ஹிஸ்டரிதான்."

பஸ்ஸில் அந்தச் சங்கிலியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். புதுச் சேலையில் துருக்கறை பட்டது. இன்றைக்கும் அந்தச் சேலையை நினைத்தால் கறைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

அவள் பக்கத்துத் தெருவில் இருந்த, சர்வே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் ஒரு பழைய புத்தகம் வாங்கி வந்தாள். ராத்திரி சாப்பாடு ஆனதும் அவள் படித்துச் சொல்ல, நான் சங்கிலியைக் கூடத்தில் நீட்டிப் பிடிப்பேன். நூறு கண்ணி கொண்ட சங்கிலி அது. பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளைத் தகடு தொங்கும். தகட்டின் பல்லை எண்ணினால் எத்தனையாவது கண்ணி என்று தெரியும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தெருவில் இறங்குவோம். நான் முன் நுனி, அவள் பின் நுனி. நான் போய் இழுத்துப் பிடித்து முளை அடிப்பேன், அவள் கணக்கைக் குறித்துக்கொள்வாள்.

தெருவே வேடிக்கை பார்த்தது. "இன்னா அண்ணி, மாடு எதுனா ஓடிப்பூட்ச்சா?" என்று பால்காரர் கேட்டார். என் வீட்டுக்காரர் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போகும்போது, யாரோ தெரியாதவர்போல, "கார்ப்பரேஷன்ல இப்பப் பொம்பளைங்களையும் எடுக்கறாங்களா?" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போவார். நான், "ஆமா, உங்க வீட்டைத்தான் முதல்ல இடிக்கப்போறோம்" என்று கத்துவேன். அவர் ஹேண்டில் ஆட ஆடச் சிரித்துக்கொண்டே போவார்.

முதல் படம் முடிந்ததும் கூடத்தில் விரித்தாள். நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். மாமனார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"ஏம்மா, நம்ம மாதா கோயில் எதுக்குக் கடலுக்குள்ள போச்சு?"

உண்மைதான். படத்தில் கோயில் அலைக்கு அந்தப் பக்கம் நின்றது. தெருமுனை விளக்குக் கம்பம் ஒன்றே ஒன்று, அதுவும் இரண்டு இடத்தில் முளைத்திருந்தது. அன்று சாயங்காலம் அவள் கான்வென்ட் மணி அடித்தபோது ஜன்னலைச் சாத்தினாள். நான் அவளைச் சமாதானம் செய்யவில்லை. தோசை வார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே சங்கிலியை இழுத்து மடியில் போட்டுப் பார்த்தவள், திடீரென்று தட்டோடு எழுந்து கத்தினாள்.

"அண்ணி! நாப்பதுக்கும் நாலு பல்லு, அறுபதுக்கும் நாலு பல்லு!"

சங்கிலியை எந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணலாம் என்பதற்காக இரண்டு பாதிக்கும் ஒரே மாதிரித் தகடு போட்டிருக்கிறான். நடுவில் ஒரு வட்டத் தகடு. அதைத் தாண்டிவிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் பல்லை மட்டும் எண்ணினால் அறுபது நாற்பதாகிவிடும். அந்தக் கணக்கில்தான் மாதா கடலில் குளித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையிலிருந்து மறுபடி முதல் தெருவிலிருந்து ஆரம்பித்தோம். "வட்டம் தாண்டியாச்சா?" என்று அவள் பின்னாலிருந்து கத்துவாள். "தாண்டியாச்சு!" என்று நான் முன்னாலிருந்து கத்துவேன். கொஞ்ச நாளில் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்களைக் கண்டாலே "வட்டம் தாண்டியாச்சா!" என்று கத்த ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தில் எங்கள் மாதா திருவிழாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மழைக்கு முன்னால், செப்டம்பரில் வரும். தேர் கோயிலிலிருந்து கிளம்பிப் பெரிய தெருக்களைச் சுற்றி வரும். எந்தத் தெரு, எந்தத் திருப்பம், எங்கே நிற்பது என்று முடிவு செய்து நடத்துகிறவர் என் மாமனார். பூசை வைக்கிற சாமியார்கள் மாறி மாறி வந்தாலும் தேர் விஷயம் அவர் கையில்தான் இருந்தது. கிணற்றுச் சந்து என்று ஒன்று உண்டு. நடுவில், ஓரமாக ஒதுங்கி ஒரு பொதுக் கிணறு, இரண்டு பக்கமும் நெருக்கி நெருக்கி வீடு. மீன் விற்கிறவர்கள், தச்சு வேலைக்காரர்கள், சமையல் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். அந்தச் சந்துக்குள் தேர் நுழைந்ததே இல்லை. ஒவ்வொரு வருஷமும் அவர்கள் மாமனாரிடம் வந்து கேட்பார்கள். அவரும் ஒவ்வொரு வருஷமும், "உங்க சார்ப்பு, கூண்டு, துவைக்கிற கல்லு எல்லாம் தெருவுல கிடக்கே, தேர் எப்படி நுழையும்?" என்று கேட்டு அனுப்பிவிடுவார். அவர்கள் சந்து முனையில் வந்து நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

நாங்கள் கடைசியாக அளந்தது அந்தச் சந்துதான். சங்கிலியை விரித்ததுமே மீன்காரம்மா ஒருவர் கூடையை இறக்கிவிட்டு வந்தார். அவர் வாசலில் பெரிய கோழிக்கூண்டு தெருவை அடைத்துக்கொண்டு இருந்தது.

"இன்னா கண்ணு, எங்க சந்துகூட அளக்கறியா?"

"ஆமாம்மா. அகலம் எவ்வளவுன்னு பார்க்கணும்" என்றாள் நாத்தனார், முளையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அகலமா?" மீன்காரம்மா எதிர்வீட்டுத் தச்சரைப் பார்த்தார். தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார். "அப்பாருக்குத் தெரியுமா நீ அளக்கறது?"

"அப்பாவுக்குத் தெரியாமலா?"

"இந்தக் கூண்டு குறுக்கால கீதே. பரவால்லியா?"

"இருக்கட்டும்மா. அதையும் எழுதிக்கறேன்."

"எழுதிக்கிறியா!" என்று மீன்காரம்மா நெஞ்சில் கை வைத்தார்.

நாத்தனாருக்கு வெயில் ஏறும் கவலை. தச்சர் வீட்டு ஓலைச் சார்ப்பு, முள்வேலி, துவைக்கிற கல், தெருவுக்குக் குறுக்கே சாய்ந்த முருங்கைக் கிளை என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதினாள். நாங்கள் சங்கிலியைச் சுருட்டும்போது சந்தில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். யாரும் கேலி செய்யவில்லை. நல்ல மரியாதை தெரிந்தவர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் வெளியில் வரவே இல்லை. கூடத்தில் பலகையைப் போட்டு, இந்தியன் மையில் படத்தை எழுதினாள். கடல் காற்று காகிதத்தைத் தூக்கும் என்பதால் ஜன்னல்கள் எல்லாம் மூடியே இருந்தன. வேர்வை காகிதத்தில் விழக்கூடாது என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெற்றியை ஒற்றிக்கொண்டிருந்தேன். கோயில் கரையேறி அதன் இடத்தில் வந்து நின்றது. விளக்குக் கம்பம் ஒன்றானது. ஒரு சாயங்காலம் நான் படத்தில் விரலை வைத்து, எங்கள் வாசலில் ஆரம்பித்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பி, ரேஷன் கடை வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செய்தித்தாளில் ஒரு பத்தி படிக்க எனக்கு அரை மணி ஆகும். அந்தப் படத்தை ஒரு மூச்சில் படித்தேன்.

புரொபஸர் ஒரு சனிக்கிழமை காலை குடையோடு வந்தார். எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. படத்தைக் கையில் விரித்தபடி நடக்க ஆரம்பித்துவிட்டார். நாத்தனார் ஒரு பக்கம், சங்கிலியோடு நான் ஒரு பக்கம். பெரிய தெருவைப் பார்த்தார், "ம்" என்றார். குறுக்குத் தெருவைப் பார்த்தார், "ம்" என்றார். பாழடைந்த கிணறு ஒன்று ஒரு மதிலுக்குப் பின்னால் இருந்தது. அதையும் அவள் போட்டிருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "பேஷ்" என்றார். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் காலேஜுக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கிணற்றுச் சந்துக்குள் திரும்பினோம். அப்படியே நின்றுவிட்டோம்.

சந்து துடைத்துவிட்டதுபோல இருந்தது. சார்ப்பு இல்லை. வேலி இல்லை. கூண்டு இல்லை, கல் இல்லை. முருங்கைக்குக் கிளையே இல்லை. இந்த முனையில் நின்றால் அந்த முனையில் போகிற மாட்டுவண்டி தெரிந்தது. வாசலெல்லாம் தண்ணீர் தெளித்து, யாரோ சுண்ணாம்பு வேறு அடித்திருந்தார்கள்.

புரொபஸர் படத்தைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். படத்தைத் திருப்பிப் பிடித்தும் பார்த்தார்.

"சார்ப்பு எங்கேம்மா? வேலின்னு போட்டிருக்கே, எங்கே வேலி? இது எந்த ஊர் மேப்?"

நாத்தனார், "இருந்தது சார்" என்று மட்டும் சொன்னாள்.

"மத்ததெல்லாம் நடந்து அளந்தே. வெயில் ஜாஸ்தியாயிடுத்து, இதை மட்டும் ஆத்துல உக்காந்துண்டு வரைஞ்சுட்டியோ?"

அதற்குள் மீன்காரம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் தச்சர், அவருக்குப் பின்னால் மொத்தச் சந்தும். மீன்காரம்மா புரொபஸரின் தலைப்பாகையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாங்க இஞ்சினீரு சாமி! அகலம் போதுமா? பாத்து சொல்லுங்க. பத்தலைன்னா அந்தப் படியையும் இடிச்சுடறோம்."

"எந்தப் படி? எதுக்கு இடிக்கணும்?" என்றார் புரொபஸர்.

"தேரு வர்றதுக்குத்தான். வாத்தியாரு பொண்ணே வந்து அளந்து, எதெது குறுக்கால கீதுன்னு எழுதிக்கினு போச்சே. அன்னிக்கே எடுத்துட்டோம். இந்தாளு மட்டும் ரெண்டு நாள் இழுத்தாரு" என்று தச்சரைக் காட்டினார்.

"இன்னாம்மே, நாலு கம்பம் நட்ட சார்ப்பு, உன் கோழிக்கூண்டா, தூக்கிக்கினு போறதுக்கு?" என்றார் தச்சர்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. தேர் விடுகிறவரின் மகள் சங்கிலியோடு வந்து அகலம் கேட்டால் அந்தச் சந்துக்காரர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? நாத்தனார் மெதுவாக, "அம்மா, நான் தேருக்காக அளக்கலைம்மா. காலேஜ்ல சேர்றதுக்காக அளந்தேன்" என்றாள்.

முன்வாசலை எல்லாம் பிய்த்துப் போட்டுவிட்டு நிற்கிறார்கள். மீன்காரம்மா முக்காட்டை இறக்கிவிட்டு, "அப்போ தேரு வராதா?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லி மாமனார் வந்து சேர்ந்தார். சந்து முனையில் கைத்தடியை ஊன்றி நின்று, உள்ளே பார்த்தார். அவர் அந்தச் சந்தை அப்படிப் பார்த்ததே இல்லை.

"எப்பய்யா இதெல்லாம் எடுத்தீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். "பாப்பா, சார்ப்பு எல்லாத்தையும் விட்டுடு. சுவருக்குச் சுவர், ரொம்பக் குறுகலான இடத்துல எவ்வளவு?"

அவள் புரொபஸர் கையிலிருந்த படத்தின் மேல் குனிந்து, ஒரு விரலை வைத்துப் பார்த்துச் சொன்னாள். மாமனார் கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள்ளேயே தேரை இழுத்துப் பார்த்தார். தேரின் அகலம் அவருக்குத் தன் தோள் அகலம் மாதிரி.

"ரெண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம்" என்றார். "அந்தப் பக்கம் திரும்ப இடம் இருக்கா?"

"இருக்குப்பா. கிணத்தைத் தாண்டினா நேரா பெரிய தெரு."

"அப்போ நுழையும்" என்றார்.

அப்போது எழுந்த கூச்சலில் கிணற்றடிக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. மீன்காரம்மா என்னைக் கட்டிப்பிடித்தார், எனக்கு மீன் வாசனை சாயங்காலம் வரை போகவில்லை. பிறகு அவர் புரொபஸர் பக்கம் திரும்பினார்.

"சாமி, எங்க தேரு வருது. எங்க பொண்ணுக்கு இடம் உண்டா, இல்லியா?"

"நான் எதைப் பார்த்தும்மா இடம் கொடுக்கறது? மேப்ல இருக்கறது ஒண்ணுகூடத் தெருவில இல்லையே."

"தெருவுல இருந்தா போதுமா?" என்றார் மீன்காரம்மா. "யோவ், கொண்டாங்கய்யா எல்லாத்தையும்!"

நான் என் வாழ்நாளில் அப்படி ஒரு காட்சியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வீடுகளின் பின்புறத்திலிருந்து எல்லாம் வந்தது. தச்சர் கம்பங்களைத் தூக்கிவந்து பழைய குழியிலேயே இறக்கினார், இரண்டு பேர் ஓலைத் தட்டியை மேலே வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். துவைக்கிற கல்லை உருட்டிவந்தார்கள். முள்வேலியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். வெட்டிய முருங்கைக் கிளையை ஒருவர் மரத்தடியில் நின்று, இருந்த உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். கூண்டு கோழிகளோடு வந்தது. கோழிகள் போட்ட சத்தத்துக்கு அளவில்லை.

புரொபஸர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, படத்தை விரித்தபடி நடந்தார். சார்ப்பைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், "ம்" என்றார். கல்லைப் பார்த்தார், "ம்" என்றார். கூண்டுக்கு எதிரில் வந்ததும் நின்றார்.

"இது சரியில்லையே. மேப்ல இன்னும் கொஞ்சம் வடக்கே இருக்கு."

"இங்கதான் சாமி இருந்துச்சு" என்றார் மீன்காரம்மா.

நாத்தனார் என்னைப் பார்த்தாள். நான் சங்கிலியை விரித்தேன். இந்த முறை கத்தவில்லை, வட்டம் தாண்டியதைத் தலையசைத்துச் சொன்னேன். அவள் சொன்ன கண்ணியில் கால் கட்டைவிரலை வைத்தேன். அங்கே தரையில் கூண்டின் நான்கு கால் பதிந்த தடம் இருந்தது. பக்கத்தில் ஒரு கோழி இறகும் ஒட்டிக்கிடந்தது.

"பார்த்தேளா? நகர்த்தி மேப்படி வையுங்கோ!" என்று புரொபஸரே உரக்கச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூண்டின் ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளவும் செய்தார். அவர் கோட்டுக் கையில் கோழி எச்சம் பட்டதை நான் பார்த்தேன். சொல்லவில்லை.

கிளையைப் பிடித்திருந்தவர், "சாமி, கை வலிக்குது, பாத்தாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு, ஆச்சு, இறக்குங்கோ" என்றார் புரொபஸர். கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து, பேனாவை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினார்.

"மேப்ல ஒரு தப்பு இருக்கு."

அவள் முகம் மறுபடி வாடியது.

"தேதி போடலை. என்னைக்கு அளந்தேன்னு கீழே எழுதணும். தெரு அங்கேயே இருக்கும்னு நெனைச்சுண்டு யாரும் மேப் போடக்கூடாது. எழுது. எழுதிட்டுத் திங்கக்கிழமை வந்து பணம் கட்டிச் சேர்ந்துக்கோ."

அவள் எழுதினாள். எழுதும்போது கண்ணீர் ஒரு சொட்டுப் படத்தில் விழப்போனது, நான் முந்தானையை நீட்டிப் பிடித்துவிட்டேன். அத்தனை நாள் நெற்றியை ஒற்றிய பழக்கம். புரொபஸர் கடைசியில் மீன்காரம்மா வீட்டு வாசலில் இளநீர் குடித்தார். எங்கள் வீட்டில் குடிக்காதவர் அங்கே குடித்தார் என்று மாமனாருக்குக் கொஞ்ச நாள் மனத்தாங்கல் இருந்தது.

அந்தச் செப்டம்பரில் தேர் கிணற்றுச் சந்துக்குள் நுழைந்தது. மாமனார் முன்னால் பின்பக்கமாகவே நடந்து, இரண்டு கையையும் விரித்து வழிகாட்டிக்கொண்டு வந்தார். சொன்னபடி இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் மிச்சம். மெழுகுவர்த்தி பிடித்தவர்கள் எல்லாம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றோம். கூரைமேல் ஏறியவர்கள் பூவைக் கொட்டினார்கள். நாத்தனார் காலேஜிலிருந்து நேரே ஓடிவந்திருந்தாள், விரலில் மை, கையில் சுருட்டிய காகிதம். தேர் கிணற்றைத் தாண்டித் திரும்பும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரும்பிவிட்டது. "வட்டம் தாண்டியாச்சு!" என்று எந்தப் பிள்ளையோ கத்தியது. அந்த வருஷம் செபத்துக்கு நடுவில் அவ்வளவு சிரிப்பு.

மறுநாள் வெயில் ஏறின பிறகு, கோலிக்குண்டு விளையாடுகிற பிள்ளைகளை விரட்டிவிட்டு வாசல் கழுவ வந்தால், படியருகே ஆட்கள் நின்றிருந்தார்கள். ரேஷன் கடைப் பக்கத்துச் சந்துக்காரர்களாம். முந்தின நாள் தேரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஒரு பெரியவர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"அம்மா, சங்கிலி வெச்சிக்கினு அளக்குமே அந்தப் பொண்ணு, அது கீதா வீட்டுல?"

நான் தண்ணீர் வாளியைக் கீழே வைத்தேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்:

"இல்லைங்க. அவ காலேஜுக்குப் போயிருக்கா. பூகோளம் படிக்கிறா."